தெரபி அறைக்கு வெளியே தூங்கிப்போனவளின் ஓய்வுக் குறிப்புகள்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மகனை ஆக்குபேஷனல் தெரபிக்கு (உடம்பையும் புலன்களையும் அன்றாட வேலைகளுக்குப் பழக்குகிற பயிற்சி) உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். முக்கால் மணி நேர செஷன் முடிந்து, அவன் வெளியே வந்து, என் கைப்பையைத் திறந்து, பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்து, தூளை என் காலடியில் வட்டமாகப் பரப்பி முடித்த பிறகுதான் தெரபிஸ்ட் தோளைத் தட்டி எழுப்பினார். "அக்கா, கடைசியா எப்ப ஆறு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், பதில் வரவில்லை. அவனுக்கு அப்போது எட்டு வயது.

இப்போது பதினொன்று. ஆட்டிசம், கூடவே ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பது. நானும் இப்போது மனுஷியாக இருக்கிறேன், பெரும்பாலான நாட்களில். இடையில் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. யோகா போ, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நட, டைரி எழுது, உனக்கென்று ஒரு ஹாபி வைத்துக்கொள். எல்லாமே நல்ல யோசனைதான், ஆனால் எல்லாமே இன்னும் ஒரு வேலை. யோகா வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம் போகாமல் விட்டதற்கும் சேர்த்துக் குற்ற உணர்ச்சி வந்ததுதான் மிச்சம். நாளில் இருப்பதை எடுத்துப் போட்டால்தான் ஓய்வுக்கு இடம் வரும், அதுவும் குழந்தை சரியாகப் பேச ஆரம்பித்த பிறகு, பள்ளியில் உட்கார ஆரம்பித்த பிறகு என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே எடுக்க வேண்டும் என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதலில் ரத்தப் பரிசோதனை

எல்லாக் களைப்பையும் பிள்ளை தலையில் போட்டுவிடக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனக்கு ஹீமோகுளோபின் 8.9 இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை நான் "டென்ஷன்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி இவ்வளவையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள், அப்பாக்களும்தான். குழந்தைக்கு எத்தனை முறை எத்தனை டாக்டரிடம் டோக்கன் போட்டிருப்போம், நமக்கு ஒரு டோக்கன் போடக் கூடாதா?

ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் எழுந்திருக்க முடியவில்லை என்றால் அது வேறு. பெல்ஜியத்தில் லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் இசபெல் ரோஸ்கம், மொய்ரா மிகொலாய்சாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் பெற்றோர் சோர்வை வருடக்கணக்கில் ஆராய்ந்து அதற்கு நான்கு அடையாளம் சொல்கிறார்கள். பிள்ளை வளர்ப்பை நினைத்தாலே உடம்பு தளர்ந்துபோவது. "நான் முன்னே இப்படி இல்லையே" என்று பழைய அம்மாவோடு இப்போதைய அம்மாவை ஒப்பிட்டு வெட்கப்படுவது. போதும்டா சாமி என்று இந்த வேலையே வெறுத்துப்போவது. அப்புறம் நான்காவது, இதுதான் என்னை உலுக்கியது: சோறு போடுவது, குளிப்பாட்டுவது, கூட்டிப்போவது எல்லாம் நடக்கும், மனசு மட்டும் அங்கே இருக்காது. நான் அப்படித்தான் இருந்தேன். ஷூ லேஸ் கட்டிவிடுவேன், அவன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

2010ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள பதின்வயதினர் மற்றும் பெரியவர்களின் அம்மாக்களிடம் எச்சில் எடுத்து கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தபோது அது சாதாரண அளவைவிடக் குறைவாக இருந்ததாம், போர்க்களத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் போல நெடுநாள் அழுத்தத்தில் இருந்தவர்களிடம் காண்கிற மாதிரி. "நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கே" என்று கேட்கிற நாத்தனாருக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். நான் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

தூக்கம்

மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். இந்தப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கப் பிரச்சினை உண்டு, தூங்க ஆரம்பிக்கவே பதினொன்று ஆகும், அல்லது இரண்டு மணிக்கு எழுந்து ஃபேனைப் பார்த்துச் சிரிக்கும். அந்த வீட்டில் அப்பா அம்மா இருவருமே விழித்திருப்பதுதான் பெரிய தப்பு. நாங்கள் ஆறு வருடம் அதைச் செய்தோம். அவன் எழுந்தால் நானும் எழுவேன், அவர் போர்வைக்குள்ளிருந்து "என்னாச்சு?" என்பார், காலையில் இரண்டு பேருக்கும் தூக்கம் போயிருக்கும், பலன் ஒன்றும் இருக்காது.

இப்போது முன்னிரவு, பின்னிரவு என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். இரவு ஒன்பதரையிலிருந்து இரண்டரை வரை அவர் பொறுப்பு, இரண்டரையிலிருந்து காலை வரை நான். பொறுப்பில் இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சோ இயர் ப்ளக்கோ வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். ஒரே அறை வீடு என்றால் ஹாலும் சமையலறையும் இருக்கவே இருக்கிறது, நான் மூன்று மாதம் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பாய் போட்டுத்தான் தூங்கினேன். முக்கியமான விதி ஒன்று: அடுத்தவர் ஷிஃப்டில் மூக்கை நுழைக்கக் கூடாது. அவர் பாட்டுப் போட்டுத் தூங்கவைத்தால் போடட்டும், பிஸ்கட் கொடுத்தால் கொடுக்கட்டும். "அப்படிப் பண்ணாதீங்க" என்று எழுந்துபோய்ச் சொன்னீர்கள் என்றால் மறுநாளிலிருந்து இரண்டு ஷிஃப்டும் உங்களுடையது.

எனக்கு முதல் வாரம் கேஸ் சிலிண்டர் பக்கத்திலும் தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. அவன் ஐந்து வயதில் ஒருமுறை கதவைத் திறந்துகொண்டு தெருமுனை வரை போய்விட்டான், அன்றிலிருந்து நான் தூங்கினாலும் ஒரு காது வாசலில்தான் இருந்தது. இதற்கு மருந்து தத்துவம் இல்லை, தாழ்ப்பாள். வாசல்கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கைப்பிடியில் பழைய சலங்கை ஒன்று, பால்கனிக்குப் பூட்டு, கேஸுக்கு ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பது. செலவு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. சலங்கை சத்தம் கேட்காதவரை அவன் உள்ளே இருக்கிறான் என்று உடம்புக்குத் தெரிந்ததும்தான் அந்த இன்னொரு காதும் படுத்தது.

குழந்தையின் தூக்கத்தையும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல், இரும்புச்சத்துக் குறைவு, வலிப்பு, அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வீங்குகிற சதை) இதெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும், பேசத் தெரியாத பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லாது, எழுந்து குதிக்கும். மெலடோனின் என்ற தூக்க மருந்தைப் பற்றி யாராவது சொன்னால் டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பாட்டிலில் இருந்து வேண்டாம்.

தனியாக வளர்க்கிறீர்களா? உங்களுக்கு ஷிஃப்ட் யோசனை கடுப்பைத்தான் கிளப்பும், தெரியும். வாரத்தில் ஒரு இரவு அக்காவோ அம்மாவோ வந்து படுக்க முடியுமா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அவன் பள்ளியில் இருக்கும்போது ஒரு மணி நேரம், துணி துவைக்காமல், ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். பகலில் படுப்பது பீடை என்று யாராவது சொன்னால் அவர்களை ஒரு இரவு வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பட்டியலில் அடிக்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்து ஒரு வாரத்தில் குழந்தைக்காகச் செய்வதை எல்லாம் எழுதுங்கள், போய்வருகிற நேரத்தோடு. என் தாளில் இப்படி இருந்தது: ஸ்பீச் தெரபி இரண்டு நாள், ஆக்குபேஷனல் மூன்று நாள், ஸ்பெஷல் எஜுகேட்டர் இரண்டு நாள், நீச்சல், தெரபிஸ்டுகள் ஒவ்வொருவரும் கொடுத்த வீட்டுப் பயிற்சி தினம் முக்கால் மணி, அப்புறம் எதற்கென்றே தெரியாமல் ஒரு அபாகஸ் வகுப்பு. ஆட்டோவிலும் பஸ்ஸிலும் மட்டும் வாரத்துக்குப் பதினோரு மணி நேரம். அவனும் களைத்திருந்தான், அதை நான் "அடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அபாகஸை அன்றே அடித்தேன். ஆக்குபேஷனலை மூன்றிலிருந்து ஒன்றாக்கி, மற்ற இரண்டு நாளுக்குப் பதில் வீட்டிலேயே செய்கிற ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், தெரபிஸ்ட் சொன்னது தண்ணீர் நிரம்பிய வாளியைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போவது. உடம்புக்குப் பாரமும் ஆச்சு, செடிக்குத் தண்ணீரும் ஆச்சு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் குறைத்து ஆறு வாரம் பாருங்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை என்றால் அப்படியே விடுங்கள், கெட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், கதவு ஒன்றும் மூடிவிடாது. தெரபிஸ்டிடம் நேரடியாகக் கேட்கலாம்: "இருக்கறதுல ஒண்ணை நிறுத்தணும்னா எதை நிறுத்துவீங்க?" நல்ல தெரபிஸ்ட் பதில் சொல்வார். எதையுமே நிறுத்தக் கூடாது என்று ஃபீஸ் ரசீதைப் பார்த்தபடி சொல்பவரை நிறுத்தலாம்.

சமையலறைக்கும் இதே விதி. எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான், அதனால் ராத்திரி பத்தரை மணிக்கு, அவன் தூங்கியபின், அறைக்கதவைச் சாத்தி, மிக்ஸிக்கு அடியில் மடித்த துண்டு போட்டு, மறுநாள் சட்னி அரைப்பேன். அரைத்து முடித்து ஜாரைக் கழுவிக் கவிழ்க்கும்போது பதினொன்று. ஒரு நாள் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் தோன்றியது, அவன் சட்னியே தொட மாட்டான், வெறும் இட்லியும் சர்க்கரையும்தான். பெரியவர்கள் இரண்டு பேருக்கு இட்லிப்பொடி போதும். அன்றோடு இரவு அரவை நின்றது. உங்கள் வீட்டிலும் இப்படி யாருக்காக என்றே தெரியாத ஒரு வேலை நிச்சயம் இருக்கும்.

இரவு ஒரு மணிக்கு ஃபோனில் "ஆட்டிசம் குணமாக" என்று தேடுவதையும் பட்டியலில் எழுதி அடியுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022லேயே சொல்லிவிட்டது, இன்னமும் லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தோடு சேர்த்து நம் தூக்கத்தையும் அவர்கள்தான் வாங்குகிறார்கள்.

குறைக்கும்போது குற்ற உணர்ச்சி வரும். வரட்டும். அம்மா பாசம் காட்டாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் படித்த மேதைகளே நம்பினார்கள், அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் அதைப் பிரபலப்படுத்தினார். பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர் 1964ல் அதை எதிர்த்து, இது மூளை சார்ந்தது என்று எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. அறுபது வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் நம் ஊரில் "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?", "செல்லைக் கையில குடுத்தியா?", "வேலைக்குப் போனேல்ல?" என்று அதே பழி வேறு வேறு சேலை கட்டிக்கொண்டு வருகிறது. மறுத்து விளக்கம் சொல்வதும் ஒரு வேலைதான். நான் ஒரே வாக்கியம் வைத்திருக்கிறேன்: "டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காங்க பெரியம்மா, நீங்க காபி சாப்பிடுங்க." பஸ்ஸில் முறைக்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது.

இரண்டாவது ஆள்

நம் எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம்: "அவன் என்கிட்ட மட்டும்தான் இருப்பான்." பாதி உண்மை, பாதி நாமே பண்ணிவைத்தது. வேறு யாருக்கும் அவனைப் பார்த்துக்கொள்ள நாம் கற்றுக்கொடுத்ததே இல்லை. கற்றுக்கொடுக்க முதலில் நேரம் செலவாகும், அந்த ஒரு மாதம் ஓய்வு குறையத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பாசம் மட்டும் பார்க்காதீர்கள், பதற்றம் இல்லாத ஆளாகப் பாருங்கள். என் அம்மாவுக்கு அவன் மேல் உயிர், ஆனால் அவன் அழுதால் அவரும் அழுவார். கடைசியில் அமைந்தவர் யாரும் எதிர்பார்க்காத என் மாமனார், எழுபத்திரண்டு வயது, அதிகம் பேசாதவர், எந்நேரமும் ஈஸிசேரும் பேப்பரும். கேட்டபோது, "எனக்கு அவன்கிட்ட கொஞ்சம் பயமா இருக்கும்மா" என்றார். அதைவிட நேர்மையான பதிலை இந்த விஷயத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. "எனக்கும் பயம்தான் மாமா, சேர்ந்தே பார்க்கலாம்" என்றேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறு அவர்கள் இருவரும் ஹாலில், நான் சமையலறையில், கூப்பிட்டால் மட்டும் வருவேன். இரண்டாவது ஞாயிறு நான் மொட்டைமாடியில். மூன்றாவது, தெருமுனைக் கடை வரை. நான்காவது, இரண்டு மணி நேரம் வெளியே. இடையில் மூன்றாவது ஞாயிறு அவன் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி டிவி மேல் எறிந்தான், அதனால் அந்த ஞாயிறை இன்னொரு முறை செய்தோம். அவ்வளவுதான்.

இதற்கு உயிர்நாடி ஒரு தாள். ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும், இரண்டு பக்கம் என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் எங்கள் தாள் கிட்டத்தட்ட இப்படி:

"காதைப் பொத்தினால்: சத்தத்தை நிறுத்தவும், அவனை நிறுத்த வேண்டாம். கையை உதறினால் சந்தோஷம் என்று அர்த்தம், விடவும். கையைக் கடித்தால் பசி அல்லது வயிறு. முதலில் தயிர்சாதம், நீலத் தட்டில் மட்டும். தட்டு மாறக் கூடாது. அழும்போது கேள்வி கேட்க வேண்டாம், தள்ளி உட்கார்ந்துகொள்ளவும், விளக்கைக் குறைக்கவும். பாத்ரூம் போக வேண்டும் என்றால் கதவைத் தட்டுவான். இருபது நிமிடத்துக்கு மேல் அழுதால் எனக்கு ஃபோன். ரத்தம், வலிப்பு என்றால் 108, அப்புறம் எனக்கு."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி போட்டு மாற்றி எழுதுங்கள். நீலத் தட்டு இப்போது பச்சை.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது? உபயோகமான எதையும் செய்யக் கூடாது. காய் வாங்கக் கூடாது, ஏடிஎம் போகக் கூடாது, தெரபி சாமான் வாங்கக் கூடவே கூடாது. நான் முதல் நாள் எங்கே போவதென்று தெரியாமல் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் பிளாட்பார பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவனோடு போனால் ஒவ்வொரு மின்சார ரயிலுக்கும் ஒன்பது பெட்டியா பன்னிரண்டு பெட்டியா என்று எண்ணிச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் அடுத்த ரயில் வரை அழுகை. அன்றைக்கு நான்கு ரயில் எண்ணாமல் போனது. ஐந்தாவதைப் பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டேன்.

குடும்பத்தில் ஆளே இல்லாதவர்கள் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பகல்நேரப் பராமரிப்பு மையங்களைப் பற்றிக் கேளுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்டில் குறுகியகாலப் பராமரிப்புக்கு சமர்த் என்ற திட்டமும், பகல்நேரத்துக்கு விகாஸ் என்ற திட்டமும் உண்டு, எல்லா ஊரிலும் மையம் இருக்காது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் விசாரிக்க நல்ல இடம். அங்கே பெற்றோருக்கான ஆலோசனையும் கேட்கலாம்.

மெல்ட் டவுன் முடிந்த பிறகு

மெல்ட் டவுன் என்றால் தாங்க முடியாமல் பிள்ளை மொத்தமாக வெடித்து அலறுவது. அப்போது குழந்தையை எப்படி அமைதிப்படுத்துவது என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். அவன் அமைதியாகி அரை மணி நேரம் கழித்தும் உங்கள் கை நடுங்கிக்கொண்டிருக்குமே, அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நாம் அந்தக் கையோடு நேரே பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறோம். போகாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம், கழுத்து கழுவுங்கள். ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். உட்கார்ந்து மூச்சை வெளியே விடுவதை மட்டும் நீளமாக்குங்கள், உள்ளே இழுப்பதை உடம்பு பார்த்துக்கொள்ளும். அழுகை வந்தால் அழுங்கள், நான் பாத்ரூமில் வாளியில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், தண்ணீர் நிரம்பினால் போதும் என்று கணக்கு. இருபது நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள், அந்த இருபது நிமிடத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், யாருக்கும் ஃபோன் செய்து விளக்காதீர்கள். "நீ அந்த நேரத்துல டிவியை ஆஃப் பண்ணாம இருந்திருந்தா" என்கிற போஸ்ட்மார்ட்டத்தைக் கணவன் மனைவி இருவரும் மறுநாள் சாயந்திரத்துக்குத் தள்ளிவையுங்கள். மறுநாள் சாயந்திரம் பெரும்பாலும் மறந்துபோயிருக்கும்.

அடிக்கக் கை ஓங்குகிறது என்றால் அவனை ஆபத்தில்லாத இடத்தில் விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், ஒரு நிமிடம் அவன் தனியாக அழுவதால் எதுவும் ஆகாது. ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா, அதை ஒரு மனிதரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்றோ அவனையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றோ எண்ணம் வருகிறது என்றால் இந்தக் குறிப்பை இங்கேயே மூடிவிட்டு 14416க்கு ஃபோன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசு சேவை, இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். அன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள், யாரையாவது வரச்சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்குவதில் கேவலம் எதுவும் இல்லை, நான் ஒன்பது மாதம் சாப்பிட்டேன்.

இன்னொன்று. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் குடும்பவழியாக வருவது சகஜம். பிள்ளையின் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது "இது என்னைப் பத்தி எழுதின மாதிரி இருக்கே" என்று தோன்றினால் சிரித்துவிட்டு விடாதீர்கள். சத்தமும் வெளிச்சமும் உங்களையும் தின்றுகொண்டிருக்கலாம். அவனுக்கு வாங்கிய ஹெட்ஃபோன் போல உங்களுக்கும் ஒன்று வாங்குங்கள்.

அப்பாக்களுக்கு ஒரு பத்தி. ஓவர்டைமில் ஒளிந்துகொள்வதும் களைப்புதான், அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது ஓய்வு இல்லை. "ஹெல்ப் பண்றேன்" என்ற சொல்லை விட்டுவிட்டு ஒரு முழு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: நினைவில் வைப்பது, டோக்கன் போடுவது, கூட்டிப்போவது, டாக்டர் சொன்னதை எழுதிவைப்பது எல்லாம் சேர்ந்த ஒரு வேலை. எங்கள் வீட்டில் பல் டாக்டர் முழுக்க அவருடையது. எந்தப் பல் விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பது எவ்வளவு சுகம்.

ராத்திரி மூன்று மணிக் கேள்விக்கு ஒரு ஃபைல்

"எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா?" இந்தக் கேள்வியை தியானத்தால் விரட்ட நான் முயன்றேன், போகவில்லை. காகிதத்தால் கொஞ்சம் போனது. மாதத்துக்கு ஒரு காகிதம், அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் யூடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏடிஎச்டி மட்டும் என்றால் அந்தப் பட்டியலில் இடமில்லை. அடுத்து நிராமயா காப்பீடு, நேஷனல் டிரஸ்டுடையது, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் அடங்கும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாய், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. மத்திய அரசு வேலையில் இருக்கும் அம்மாக்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள், மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பு கிடையாது; இதை வைத்துக்கொண்டு எடுக்காமலே இருக்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும். பதினெட்டு முடிந்ததும் சட்டப்படி காப்பாளர் நியமனத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு எங்களுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. எல்லாம் ஒரே ஃபைலில், அது எங்கே இருக்கிறது என்று மாமனாருக்கும் என் தம்பிக்கும் தெரியும். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் இப்போது அந்த ஃபைல் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக, துணைக்கு ஆட்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டைகன்ஸ் குழு, ஆட்டிசம் போன்ற குறைபாடுள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் 243 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2014ல் வந்தது. ஆறு வாரம், மன அழுத்தத்தைச் சமாளிக்க வாரம் ஒன்றரை மணி நேர வகுப்பு. அவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் தூக்கமின்மையும் குறைந்தன. எனக்குப் பிடித்தது என்னவென்றால் வகுப்பு எடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை, அதே மாதிரிப் பிள்ளைகளை வளர்த்துப் பயிற்சி பெற்ற பெற்றோர்கள். நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். தெரபி சென்டர் வாசலில் தினம் பார்க்கிற முகங்களில், பீற்றிக்கொள்ளாத, வைத்தியம் விற்காத இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். குணமாக்கும் ஃபார்வேர்டுகள் வருகிற இருநூறு பேர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுங்கள்.

நாங்கள் நான்கு பேர், மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒருத்தி வீட்டு மொட்டைமாடியில். விதி ஒன்றே ஒன்று: முதல் அரை மணி நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசக் கூடாது. ஆரம்பத்தில் அந்த அரை மணி நேரமும் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பேச வேறு எதுவும் இல்லை. போன மாதம் வடுமாங்காய்க்கு விளக்கெண்ணெய் தடவுவதா நல்லெண்ணெயா என்று ஆரம்பித்த சண்டை ஒன்றேகால் மணி நேரம் போனது.